கதவு திறந்த பிறகு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அந்த 14 கிலோமீட்டரில், பக்கத்தில் நடப்பவர் எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் சுமார் 80 ஆண்டுகளாக நுழைய முடியாமல் இருந்தார்கள். 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியர் பா. முருகேஷ், காவல் கண்காணிப்பாளர் கார்த்திகேயன் ஆகியோர் முன்னிலையில், பலத்த போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். அது அறநிலையத்துறைக் கோவில். ஆலய நுழைவுச் சட்டமோ சென்னை மாகாணத்தில் 1947-லேயே வந்துவிட்டது.

ஜனவரி 30 காந்தியடிகள் உயிர்நீத்த நாள். நம் அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கும் நாளும் அதுதான். உறுதிமொழியை வாசித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு நாளிலாவது அதைச் செயலாக்கிய அதிகாரிகளை மனமாரப் பாராட்ட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் இம்மாவட்டத்தின் செல்லங்குப்பத்திலும் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்புடன் மாரியம்மன் கோவிலுக்குள் சென்றார்கள்.

ஆனால் அன்பர்களே, ஆட்சியர் ஒருநாள் இடமாறிப் போய்விடுவார். போலீஸ் வண்டிகளும் திரும்பிவிடும். பிறகு அங்கே இருக்கப்போவது ஊரும் காலனியும்தான். ‘அவர்களும் வரட்டுமே’ என்று ஊர்த் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் இத்தனை போலீஸ் தேவைப்பட்டிருக்குமா? அப்படிச் சொல்வது எளிதல்ல. பங்காளிகள் பேச்சை நிறுத்துவார்கள், மகளின் கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் வராது. காலனியில் நின்று உரிமை கேட்பவருக்கு ஆபத்து அதிகம், ஆனால் அவருடைய மக்கள் அவரோடு இருக்கிறார்கள். ஊரிலிருந்து பேசுபவருக்கு அதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் நமக்குத் தலைவர்கள் குறைவு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. தலித் மக்கள் உள்ளே செல்ல, நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கி, 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘இது இந்துக் கோவில் விவகாரம், நமக்கென்ன?’ என்று கேட்கும் தகுதி நமக்கு இல்லை. எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஒரே திருமுழுக்கு பெற்று ஒரே நற்கருணை உண்ட மக்களிடையே சாதி மோதல் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித் இறைமக்கள் கேட்டது சமமரியாதையும், தங்களுக்கென்று ஒரு பங்கும்தான்.

அந்தியோக்கியாவில் நடந்ததைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். பேதுரு அங்கே பிற இனத்தாரோடு அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பேதுருவுக்குக் கொள்கை தெரியாதா? கொர்னேலியுவின் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைத்தவரே அவர்தானே! தன் சொந்த மக்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்தான் அவரை எழுப்பிவிட்டது. அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபாவும் விலகினார். தலைவர் ஒருவர் பந்தியிலிருந்து எழுந்தால் பந்தியே கலைந்துவிடுகிறது. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். நம் திரு அவையின் முதல் சாதிப் பிரச்சினை என்றே இதை நான் வாசிக்கிறேன். முதல் திருத்தந்தையே அதில் தடுமாறினார் என்பதை விவிலியம் மறைக்கவில்லை.

நம் மண்ணிலும் பவுலைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் வேளாளர் முதலானோருக்கு ஒரு பக்கம், நாடார்களுக்கு மறுபக்கம் என்று நடுவே தடுப்புச் சுவர் இருந்தது. (அன்று ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் நாடார்கள் என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். சாதி வரிசை கல்லில் செதுக்கியதல்ல என்பதற்கு இது போதும்.) 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவரைக் கேட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதிப்படி தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. இடித்த குருக்கள் இழந்தது வெளியாரின் நட்பை அல்ல. நாள்தோறும் திருப்பலிக்கு வந்தவர்கள், ஆலயத்துக்குக் காணிக்கை தந்தவர்கள், அவர்களுடைய நட்பை.

அதற்குப் பிறகு நமக்கு ஆவணங்களுக்குக் குறைவில்லை. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி வேற்றுமை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கு முரணானது என்று வெளிப்படையாகப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1 கோடியே 90 இலட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என்று கூறி, திரு அவைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று, 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் கண்டித்துக் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியலின உரிமை கேட்கும் அந்தப் போராட்டம் நியாயமானது. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கிலிருந்து தலித் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும், 2025 பிப்ரவரியில் அம்மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டதையும் அந்தக் கறுப்புக் கொடியோடு சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பங்கு அளவில் இது பெரிய தத்துவம் அல்ல. அன்பியங்களைத் தெருவாரியாக அமைக்கிறோம், தெருக்களோ சாதிவாரியாக இருக்கின்றன. ஆகவே நாம் நினைக்காமலேயே சாதிக்கொரு அன்பியம் உருவாகிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை, திருவிழாச் செலவில் ‘அவர்களிடம் வரி வாங்க வேண்டாம்’ என்ற தாராளம், வாசகம் வாசிப்போர் பட்டியலில் எப்போதும் அதே குடும்பங்கள், இவையெல்லாம் சண்டையில்லாமல் நடப்பதால் ஒற்றுமை போலத் தெரிகின்றன. வரி வாங்க மறுப்பது இரக்கமல்ல. வரி கொடுத்தவர் தேர் தன் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்பார், அதற்காகத்தான் மறுக்கிறார்கள்.

திருவிழா நெருங்கும் பங்குகளில் பேரவைக் கூட்டம் கூடும். கொடியேற்றம், மறையுரையாளர்கள், ஒலிபெருக்கி, அன்னதானம் என்று மணிக்கணக்காகப் பேசிவிட்டு, எல்லாரும் எழும் நேரத்தில் ‘தேர் வழக்கமான பாதையில்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார்கள். அந்த வரியை இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வைத்துப் பேசலாம். அதை முன்மொழிபவர் காலனியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.