தளபதி மகனும் தறிக்காரர் மகளும்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த பாஸ்டில் சிறைதான் நம் நினைவுக்கு வருகிறது. 1789 ஜூலை 14 அன்று அந்தச் சிறைக்கோட்டையை வீழ்த்தியவர்கள் பசித்த பாரிஸ் மக்கள் மட்டுமல்ல. மன்னரின் காவல் படையை விட்டு வெளியேறிய சிப்பாய்கள் பீரங்கிகளோடு வந்து மக்கள் பக்கம் நின்ற பிறகே கோட்டை பணிந்தது. பதினாறாம் லூயி வீழ்ந்ததற்குக் கடன் ஒரு காரணம், பசி ஒரு காரணம். படை கைவிட்டது மூன்றாவது காரணம். அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதல் இரண்டும் தெரிந்த கதைதான். அமெரிக்க விடுதலைப் போருக்கு அள்ளிக் கொடுத்ததில் பிரெஞ்சு கஜானா காலியானது. 1788இல் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. ரொட்டி விலை ஏறியது. நிலமும் செல்வமும் வைத்திருந்த பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் வரிச் சலுகை. சுமையின் பெரும்பகுதி சாமானியர் தலையில். வேறு வழியில்லாமல், 1614க்குப் பிறகு கூட்டப்படாத, குருமார், பிரபுக்கள், சாமானியர் ஆகிய மூன்று பிரிவினரின் சபையை 1789 மே மாதம் மன்னர் கூட்டினார். அதன் பிறகு நடந்தவை அவர் கையில் இல்லை.

படைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? 1781இல் வந்த ஓர் ஆணையின்படி, படை அதிகாரியாக நேரடியாகச் சேர வேண்டுமென்றால் நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் என்று சான்று காட்ட வேண்டும். போரில் எத்தனை காயம் பட்டாலும் சாதாரணச் சிப்பாய் அதிகாரியாக உயர்வது மிக அரிது. அவமானத்தை இப்படிச் சட்டமாக்கிய அரசுக்காக அந்தச் சிப்பாய் எதற்குச் சாக வேண்டும்? 1789 ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவு, அரசுப் பதவிகள் தகுதியுள்ள எல்லோருக்கும் பொது என்றது. பிரபு குலத்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டு ஓடினார்கள். காலியான இடங்களில் புதியவர்கள் ஏறினார்கள். அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஓஷ், 1793இல் 25 வயதிலேயே ஒரு படைக்குத் தளபதியானார். பீப்பாய் செய்பவரின் மகன் நே, பின்னாளில் மார்ஷல் ஆனார்.

அதே பிரகடனத்தின் பன்னிரண்டாவது பிரிவு, ஆயுதப் படை எல்லோருடைய நலனுக்கும் உரியது, அதைக் கையில் வைத்திருப்பவர்களின் சொந்த ஆதாயத்துக்கு அல்ல என்று எச்சரித்தது. பிரான்ஸ் அந்த எச்சரிக்கையைக் காக்கவில்லை. 1795இல் பாரிஸில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆட்சியாளர்கள் இளம் அதிகாரி நெப்போலியன் போனபார்ட்டை அழைத்தார்கள். அவர் தெருவில் பீரங்கியால் பதில் சொன்னார். 1799 நவம்பரில் அதே மனிதர் அவர்களுடைய ஆட்சியையே கைப்பற்றினார். 1804இல் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். மன்னரின் தலையை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் நாடு மறுபடி ஒரு முடியின் கீழ் நின்றது. தகுதி இருந்தால் யாரும் தளபதி ஆகலாம் என்ற புரட்சிக்கு, தளபதி ஆட்சியாளர் ஆகாமல் தடுக்கத் தெரியவில்லை.

தகுதியுள்ள எல்லோருக்கும் படையின் கதவைத் திறப்பது, தளபதி ஆட்சியாளர் ஆகாமல் தடுப்பது என்ற இதே இரண்டு வேலைகள் சுதந்திர இந்தியாவின் முன்னாலும் இருந்தன. ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்று சில சமூகங்களிலிருந்தே பெரும்பாலும் ஆள் பொறுக்கிச் சேர்த்த படையைத்தான் ஆங்கிலேயர் விட்டுப்போனார்கள். நம் பதிலின் ஒரு பகுதியைப் புணே அருகே கடக்வாஸ்லா ஏரிக்கரையில் பார்க்கலாம். சிம்மகட் கோட்டை பார்வையில் படும் அந்த இடத்தில் 1949 அக்டோபர் 6 அன்று தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அது முறைப்படி திறக்கப்பட்டது. அதன் நடுநாயகமான குவிமாடக் கட்டடத்துக்குப் பெயர் சூடான் பிளாக். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாக அந்நாடு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினைக்குப் பின் அதில் இந்தியாவின் பங்காக வந்த 70 ஆயிரம் பவுண்டு அங்கே செலவானது. அதிகாரி ஆகும் வாய்ப்பு அரிதாக இருந்த சிப்பாய்களின் ரத்தத்துக்குக் கிடைத்த பணத்தில் அதிகாரிகளை உருவாக்கும் கட்டடம் எழுந்தது என்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்தி.

இங்கே யாரும் வம்சச் சான்று கேட்பதில்லை. யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், படைத் தேர்வு வாரியத்தின் (எஸ்எஸ்பி) நேர்காணல் 900 மதிப்பெண். தேறிவிட்டால் மூன்றாண்டுச் சாப்பாடும் சீருடையும் புத்தகமும் அரசின் செலவு. தரைப்படை, கடற்படை, விமானப்படை கேடட்கள் ஒரே ஸ்குவாட்ரனில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

இரண்டாவது வேலையையும் நாம் செய்தோம். முப்படைக்கும் மேலே அமர்ந்திருந்த ஆங்கிலேயத் தலைமைத் தளபதியின் மாளிகை பிரதமரின் இல்லமானது. அந்தப் பதவியே 1947இல் மறைந்து, மூன்று படைகளுக்கும் தனித்தனித் தலைமைத் தளபதிகள் வந்தனர். அதே ஆங்கிலேயப் படையின் இன்னொரு பகுதியைப் பெற்ற பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். பர்மாவில் 1962இல் நே வின். இலங்கையில் அதே ஆண்டு ஜனவரியில் ராணுவ, காவல் துறை அதிகாரிகளின் சதி கடைசி நேரத்தில் அம்பலமானது. இந்தியா தப்பியது தற்செயல் அல்ல. தேர்தலும் அரசமைப்பும் மட்டுமல்ல, இந்த ஏற்பாடுகளும் அதற்குக் காரணம்.

ஆனால், முதல் வேலையில் கதவை நாம் முழுதாகத் திறக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2021இல் தலையிடும் வரை பெண்களுக்கு தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வை எழுதவே அனுமதி இல்லை. முதல் 17 பெண் கேடட்கள் 2025 மே மாதம்தான் தேறி வெளியே வந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாதி நாட்டை வாசலில் நிறுத்திவைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்த தடை மொழி. இந்தத் தேர்வின் கணிதத் தாளும் பொது அறிவுப் பகுதியும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்று 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. காவலர் ஆகத் தமிழ் போதும், அதிகாரி ஆகப் போதாது என்பதற்கு என்ன பொருள்? அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படிப்பவருக்கு ஆங்கிலம் தடையல்ல. சென்னிமலையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் தறிக்காரர் மகளுக்கு, கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாது. ஆங்கிலத் திறனைச் சோதிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, அது இருக்கட்டும். கணிதத் தாளையும் பொது அறிவுப் பகுதியையும் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் கொடுக்க யுபிஎஸ்சியும் பாதுகாப்பு அமைச்சகமும் முன்வர வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டும்.