சிறுத்தையை வரைந்தவர் யார்?

தீப்பெட்டிப் படங்களை ‘அநாமதேய நாட்டார் கலை’ என்று உருகி எழுதுவோரைச் சிற்றிதழ் வட்டத்தில் அடிக்கடி காண்கிறோம். உருக்கத்தில் எங்களுக்கு மறுப்பில்லை. ‘அநாமதேய’ என்ற அடைமொழியில்தான் மறுப்பு.

அண்ணாகிராமத்துப் பெட்டிக்கடை வாசல்களில் பொறுக்கிய படங்களைச் சேர்த்தும் மாற்றியும் பந்தயம் வைத்தும் வளர்ந்தவர்கள் நாங்கள். எனவே ரசனையைப் பற்றியும் ஒரு சொல். ரவிவர்மா பாணித் தெய்வங்களைத் தாங்கி ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய வில்லைகளைச் சேகரிப்போர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிய ஓலியோகிராஃபில் நகையும் தெரியாது, முகமும் தெரியாது. விம்கோவின் கப்பலைப் பாருங்கள். மனிதன் சிறுத்தையோடு பொருதும் ‘சீட்டா ஃபைட்’டைப் பாருங்கள். ஒரே உருவம், சில அடர்ந்த நிறங்கள். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. எங்கள் வாக்கு சிறுத்தைக்கே.

அந்தச் சிறுத்தையை வரைந்தவர் யார்? அமெரிக்கச் சிறுவர்கள் சேர்த்த பேஸ்பால் அட்டைகளும் வெறும் வணிகச் சரக்குதான். ஆயினும் டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு வரிசையை, 407 அட்டைகளையும், வடிவமைத்தவர் சை பெர்கர் என்று அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த வரலாறு எல்லோருக்கும் மனப்பாடம். தீப்பெட்டி வில்லையின் தேவையே சிவகாசி அச்சுத்தொழிலை வளர்த்தது என்பதும் தெரியும். அச்சகத்தில் தூரிகை பிடித்தவர் மட்டும் ‘அநாமதேயர்’! அவருக்குப் பெயர் இருந்தது. கேட்க நமக்குத்தான் தோன்றவில்லை.

இன்னொரு பெயரின்மையும் உண்டு, அதுவே கொடிது. அந்த வில்லைகளை ஒட்டிய விரல்களுள் பல, சிறுமியரின் விரல்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்தத் தடை விதித்தது. 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தை எடுத்தார். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். சட்டம் வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு! இவற்றுள் ஒன்றையும் தொடாமல் ‘பால்யத்தின் வண்ணங்கள்’ என்று எழுதுவது யாருடைய பால்யத்தைப் பற்றி?

தமிழ்த்துறைகளில் ஒரே காப்பியத்தின் உவமைகளை எண்ணும் ஆய்வேடுகள் இன்னும் எத்தனை வேண்டும்? (எங்கள் தொழிலைத்தான் சொல்கிறோம்.) ஒரு மாணவரையேனும் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் அனுப்பி, பழைய லித்தோ காலத்து ஓவியர்களை, ஒட்டிய பெண்களை, அவர்கள் இருக்கும்போதே பேசவைத்துப் பதியலாம். அதுவரை, இதழ்களில் இப்படங்களை மறுஅச்சிடும் அன்பர்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் நிற்கும் தொழிற்சாலைப் பெயரையும் ஊரையும் அழகுக்காக வெட்டாமலாவது இருங்கள்.