அயலூரில் ஒடிந்த கால்

கால் ஒடிந்தவனுக்கு முதலில் வேண்டியவர் வைத்தியர். அடுத்தபடியாக வேண்டியவர், தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் தலையணையைத் திருப்பிப் போடவும் ஓர் ஆள். சொந்த ஊரில் இந்த இரண்டாவது ஆளைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. மனைவியோ, தமக்கையோ, எதிர்வீட்டுக்காரரோ, யாராவது வந்து நிற்பார்கள். அயல் தேசத்தில் படுக்கும்போதுதான் அந்த ஆளின் அருமை விளங்குகிறது. வெளிநாட்டுப் பிரயாணம் பெருகியிருக்கும் இந்நாளில், நமக்கு நேர்ந்த அநுபவம் நேயர்களுக்குப் பயன்படக்கூடும்.

2023-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் நாம் தனியே வியட்நாம் சென்றிருந்தோம். அந்நாட்டின் மத்தியப் பகுதியில், மீ சோன் என்னும் பள்ளத்தாக்கில், சம்பா நாட்டு அரசர்கள் எழுப்பிய செங்கல் கோயில்கள் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற அரசன் அங்கே பத்ரேசுவரர் என்ற திருநாமத்துடன் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தான். சரித்திர வாத்தியாருக்கு அவ்வளவு தூரம் போய் அதைப் பாராமல் இருப்புக் கொள்ளுமா? தங்கியிருந்த ஹோய் ஆன் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வாடகை மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவருக்குப் பின்னால் அமர்ந்து சென்றோம். இவ்விதம் ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அங்கே 'ஸே ஓம்' என்று பெயர். 'ஓம்' என்றதும் பிரணவம் என்று மகிழ வேண்டாம்; 'கட்டிக்கொள்வது' என்பதே அதன் பொருள்.

கட்டிக்கொண்டிருந்தும் பயனில்லை. திரும்பும் வழியில் வயலோரத்திலிருந்து ஓர் எருமைக் கன்று சாலையில் பாய்ந்தது. ஓட்டியவர் சாமர்த்தியசாலி, கன்று பிழைத்தது. வண்டி மட்டும் சாய்ந்து நம் இடது காலின் மேல் விழுந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. நமக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. தலைக்கவசம் விரிசல் கண்டது. தலை விரிசல் காணவில்லை. வியட்நாமில் 2007-ஆம் வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி முதல் எல்லாச் சாலைகளிலும், பின்னால் அமர்பவர் உட்பட, கவசம் கட்டாயம். சட்டம் வந்த பின் 20 ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்ததில், சாலை விபத்தில் தலைக்காயம் படும் அபாயம் 16 சதவீதமும், மரண அபாயம் 18 சதவீதமும் குறைந்திருந்தன. அந்தக் கணக்கில் நம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

டா நாங் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மறுநாள் எலும்பின் உட்குழலில் நீண்ட உலோகத் தண்டு ஒன்றைச் செலுத்தினார்கள். ஜெர்மானிய வைத்தியர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் கையாண்ட முறை இது. யுத்தத்தில் ஜெர்மனியிடம் சிறைப்பட்டுத் திரும்பிய போர்வீரர்களின் எக்ஸ்ரே படங்களில் இத்தண்டைக் கண்டு, நேச நாட்டு வைத்தியர்கள் திகைத்தார்களாம். நமக்குத் திகைப்பு ஏற்பட்டது வேறு விஷயத்தில்.

அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஊசி, மருந்து, கட்டு ஆகியவை தாதியரின் வேலை. ஊட்டுவது, துடைப்பது, கைத்தாங்கலாக அழைத்துச் செல்வது எல்லாம் பெரும்பாலும் உறவினர் பொறுப்பு. இரவில் கட்டிலுக்கு அருகே பாய் விரித்து அவர்கள் படுத்துக்கொள்கிறார்கள். நம் கட்டிலருகே மட்டும் பாய் இல்லை. முதல் நாள் இரவு, எட்டாத தூரத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே விடிய விடியக் கிடந்தோம். இருபது வருஷம் வகுப்பில் நின்று அதிகாரம் செய்த மனிதருக்குச் சிறுநீர்க் கலம் கேட்க ஒரு வார்த்தை தெரியவில்லை.

விடிந்ததும், பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி எழுந்து வந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு வார்த்தையும் கேளாமல் தம் பாயை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டார். அன்று முதல் கணவருக்குச் செய்ததெல்லாம் நமக்கும் நடந்தது. கலத்தை எடுத்து வைக்கும் வேலையை அவருடைய பேரன் ஏற்றுக்கொண்டான். நமக்கு வெட்கமாக இருந்தது, அவனுக்கு இல்லை.

அவர் நம்மைக் 'கோன்' என்று அழைத்தார். தமிழில் கோன் என்றால் அரசன், அங்கே குழந்தை. அம்மொழியில் 'நான்', 'நீ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் உறவுச் சொற்களே வருகின்றன: அண்ணன், தம்பி, சிற்றப்பன், பாட்டி, பிள்ளை. முன்பின் தெரியாதவனிடம் பேசுவதானாலும் முதலில் அவனை ஏதேனும் ஓர் உறவாக்கிக்கொள்ள வேண்டும். பேருந்தில் எவரையும் 'அண்ணே' என்று விளிக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது புதிது.

நாம் மாமிசம் உண்பதில்லை என்பதைக் கைஜாடையால் அறிந்து, வெளியிலிருந்து அரிசிக் கஞ்சி வாங்கி வந்தார். அதை அங்கே 'சாவ்' என்கிறார்கள். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் பெயரோ நம்முடைய 'கஞ்சி'யிலிருந்து போனது. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்பட்ட அன்று ஒரு தொகையை அவர் கையில் வைத்தோம். கஞ்சிக்கு உண்டான காசை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

இனி, பிரயாணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு இடமுண்டா என்று முன்பே படித்துப் பாருங்கள். நீங்களே ஓட்டுவதானால், அந்நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிடில் பல கம்பெனிகள் பணம் தரமாட்டா. இரத்த வகை, உண்ணும் மருந்துகள், ஊரில் தகவல் சொல்ல வேண்டியவர் ஆகிய விவரங்களை அந்நாட்டு மொழியில் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்பையும் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள். அசையாத காலுடன் வெகுநேரம் விமானத்தில் அமர்ந்தால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும்; புறப்படும் நாளை வைத்தியரே நிச்சயிக்கட்டும்.

ஊர் திரும்பியதும், புத்தூர்க் கட்டுப் போடச் சொல்லிப் பந்துக்கள் வற்புறுத்தினார்கள். உள்ளே தண்டு இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னோம். முறிந்த இடத்தில் முதல் சில வாரங்கள் மெத்தென்ற இணைப்பு உண்டாகி, பிறகுதான் அது எலும்பாக இறுகுகிறது. பழைய உருவத்தை முற்றும் அடைய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அத்துடன், வைத்தியர் அனுமதித்த அளவு பாரம் தாங்கினால்தான் எலும்பு பலப்படும். கோலூன்றி நடந்த ஒவ்வோர் அடியும் வலித்தது. ஐந்தாம் மாதம் கோலை வைத்துவிட்டோம்.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து கைகால் ஒடிந்த இளைஞர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். வைத்தியர் வருகிறார், மருந்து கிடைக்கிறது. இரண்டாவது ஆள் மட்டும் இல்லை. அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது. 'தம்பி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்கள். தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைக்கப் பாஷை வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு கட்டில் இருக்கும். ஒருமுறை போய்ப் பாருங்கள்.