அபராதம் போட்டால் குடி நிற்குமா?

பள்ளிவாசல் ஜமாஅத்தின் அபராதமும் ஊர்விலக்கும் இருந்ததால்தான் காவிரி டெல்டா முஸ்லிம்கள் குடியில் விழவில்லை, அந்தப் பிடி தளர்ந்ததே இன்றைய கேட்டுக்குக் காரணம் என்று ஒரு வாதம் உண்டு.

முதலில், பயம்தான் தடுத்தது என்றால் அது ஊர் எல்லையோடு தீர்ந்துபோயிருக்க வேண்டும். அதிராம்பட்டினத்துக்காரர் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் யார் கண்காணிப்பது? துபாயில் அறையெடுத்துத் தங்கும் கூத்தாநல்லூர் பையனை எந்தப் பள்ளிவாசல் முத்தவல்லி தடுக்கிறார்? அங்கேயும் குடிக்காதவர்கள் ஏராளம். அவர்களைத் தடுப்பது ஈமான், இறைநம்பிக்கை.

இரண்டாவது, மார்க்கம். குர்ஆன் மதுவைப் படிப்படியாக விலக்கியது. 5:90 வசனம் தவிர்ந்துகொள்ளச் சொல்கிறது. கசையடி எதையும் குறிப்பிடவில்லை. கலீஃபா அபூபக்கர் காலத்து 40 அடியும் கலீஃபா உமர் காலத்து 80 அடியும் குர்ஆனுக்கு வெளியே வந்த நடைமுறை. ரொக்க அபராதம் எங்கிருந்து வந்ததாம்?

பாகிஸ்தானில் அரசே தண்டித்துப் பார்த்தது. 1979இல் அதிபர் ஜியாவுல் ஹக் குடிப்பவருக்கு 80 கசையடிச் சட்டம் கொண்டுவந்தார். முர்ரீ மது ஆலை இன்றும் ஓடுகிறது. 2009இல் அந்நாட்டு ஷரீஅத் நீதிமன்றமே அந்தக் கசையடி மார்க்கத்துக்கு முரண் என்றது.

சரி, ஊர்விலக்கு யாரைத் தாக்குகிறது? நிக்காஹ் தப்தர் எனும் திருமணப் பதிவேடும் மையவாடி எனும் அடக்கத்தலமும் ஜமாஅத் கையில். குடித்தவன் டாஸ்மாக்கில் கிடப்பான். மகள் கல்யாணத்துக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு அலைபவள் அவன் மனைவி. ஃபத்வா எனும் மார்க்கத் தீர்ப்புக்குச் சட்டபலம் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுக்கு அதனால் என்ன லாபம்?

கடைசியாக, கைக்கூலி எனும் வரதட்சணை. மஹர் எனும் மணக்கொடை கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. பெண்வீட்டாரிடம் பணமும் நகையும் கறந்த நிக்காஹும் அதே தப்தரில் ஏறுகிறதே, அதற்கு எத்தனை ரூபாய் அபராதம்?