மூடியைத் திறந்து காட்டாவிட்டால் வாங்காதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், பழைய பொருட்களை விற்கும் வெப்சைட்டுகளைச் சுற்றி வரத் தொடங்குவோம். அங்கே பலரை இழுப்பது பழைய மெக்கானிக்கல் குரோனோகிராப் கைக்கடிகாரம். பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங் விசையில் ஓடும் இந்த வாட்ச்சுக்குள் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் இருக்கும். பக்கவாட்டில் உள்ள ஒரு பட்டன் அதனை ஓட்டும், நிறுத்தும். இன்னொன்று பூஜ்யத்திற்குக் கொண்டு வரும்.

பளபளக்கும் டயலின் படத்தை மட்டும் பார்த்து ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பிவிடுகிறோம். பழைய கம்ப்யூட்டரை கேபினட்டை மட்டும் பார்த்து வாங்குவோமா? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோமா? வாட்ச்சுக்கும் அதே விதிதான். பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தைத் தராதவரிடம் வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

இது அதிகப்படியான சந்தேகம் அல்ல. ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் மாடல் 1957ல் வந்தது. அந்த மாடல் வாட்ச் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குகளுக்கு மேல் விலை போனது. அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று 2023ல் ஒமேகாவே அறிவித்தது. ஏலத்தில் அதை வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்! தயாரித்த நிறுவனமே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம்?

நம் வசதிக்கு எட்டக்கூடிய சீக்கோ 6139ஐ எடுத்துக் கொள்வோம். 1969ல் வந்த இது, உலகின் முதல் ஆட்டோமேடிக் குரோனோகிராப்களில் ஒன்று. இதனைச் சோதிக்க உங்கள் கம்ப்யூட்டரே போதும்.

படத்தை சேவ் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். பின்மூடியில் உள்ள மாடல் எண் 6139 என்று தொடங்க வேண்டும். டயலின் கீழ் விளிம்பில் உள்ள பொடி எழுத்திலும் அதே 6139 இருக்க வேண்டும். அது இல்லை, எழுத்துகளும் திட்டுத்திட்டாக உள்ளன என்றால் டயலுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கலாம். இப்படிப்பட்டவற்றைத்தான் சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்கின்றனர். வண்ணம் அடிப்பது குற்றமல்ல. அதை ஒரிஜினல் என்று விற்பதுதான் குற்றம்.

பின்மூடியிலேயே சீரியல் எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 32 என்று தொடங்கினால் 1973 பிப்ரவரி. விற்பவர் சொல்லும் ஆண்டுடன் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, வீடியோ கேளுங்கள். இந்த மாடலில் தனி வினாடி முள் கிடையாது. நடுவில் உள்ள நீண்ட முள் ஸ்டாப் வாட்ச்சுக்குரியது. பட்டனை அழுத்தியதும் அது ஓட வேண்டும். மறு பட்டனை அழுத்தினால் சரியாக 12ல் வந்து நிற்க வேண்டும்.

"மூடியைத் திறந்தால் கெட்டுவிடும்" என்பார்கள். அனுபவமுள்ள வாட்ச் ரிப்பேர்காரருக்கு இது சில நிமிட வேலை. கூலியை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அடுத்த விளம்பரத்திற்குச் சென்றுவிடுங்கள்.

விற்பவருக்கும் இதே நேர்மை வேண்டும். தாத்தாவின் வாட்ச் என்றால் பாலிஷ் போடாதீர்கள். உலோகத்தின் விளிம்புகள் மழுங்கி மதிப்பு குறையும். எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். பழைய ரசீது இருந்தால் ஸ்கேன் செய்து சேர்த்திடுங்கள். விலை வைக்கும் முன், மற்றவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். இல்லையேல் அரிய வாட்ச் ஒன்று அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது யுபிஐ பின் எண்ணை டைப் செய்யச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். பணம் பெற பின் எண் தேவையே இல்லை.

பழைய வாட்ச் வாங்குவது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் மூடிய வாட்ச்சுக்குப் பணம் தராதீர்கள். திறந்து காட்டுபவரிடம் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை.