சுவர் நக்கும் மாடு கெட்ட மாடு அல்ல

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திராவின் பாலசமுத்திரம் மண்டலத்திலும், எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரத்திலும் கறவை மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பால் எத்தனை லிட்டர் என்று. அடுத்த கேள்வி, “கெட்ட பழக்கம் ஏதாவது இருக்குதா?” சுவரை நக்குவது, மண்ணும் துணியும் தின்பது, எலும்பைக் கடிப்பது, மூத்திரம் குடிப்பது, நாக்கை வெளியே விட்டுச் சுழற்றுவது, கறக்க உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்வது எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம். இவை அத்தனைக்கும் ஊரில் ஒரே விளக்கம்தான்: மாட்டின் குணம் அப்படி. சுழி சரியில்லை, பிறவிக் கோணல், திமிர். விளக்கம் இப்படி என்றால் வைத்தியமும் அதே வழியில் போகிறது. முதலில் அடி, பிறகு வாய்க்கூடு, கடைசியில் சந்தை.

இந்த விளக்கம் தவறு என்று அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதனால் மாடும் வதைபடுகிறது, மாட்டுக்காரரும் நஷ்டப்படுகிறார்.

“கண்டதையும் தின்பது பழக்கதோஷம்” என்கிறார்கள். நூறு வருடங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவிலும் இப்படியொரு தவறான விளக்கம் இருந்தது. வடக்கு கேப் பகுதியின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் திடீரென்று கால் விழுந்து, படுத்த படுக்கையாகிச் செத்தன. விஷச்செடியைத் தின்றதால் வந்த வினை என்று பலரும் நம்பினார்கள். ஆண்டர்ஸ்டெபூர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தை நிறுவிய சர் ஆர்னால்ட் தைலர் அங்கேயே முகாமிட்டு ஆராய்ந்து, 1920 வாக்கில் முடிச்சை அவிழ்த்தார். அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லிலும் இல்லை. பாஸ்பரஸுக்கு ஏங்கிய மாடுகள் காட்டில் செத்துக் கிடந்த பிராணிகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. அழுகிய எலும்பில் ஊறியிருந்த பொட்டுலினம் நஞ்சு அவற்றைக் கொன்றது. சுத்தம் செய்த எலும்புத் தூளைத் தீனியில் கலந்து கொடுத்ததும் எலும்பு தேடும் ஏக்கம் தணிந்தது, சாவு குறைந்தது, மாடுகளின் எடையும் கூடியது. அந்த மாடுகளை யாரும் திருத்தவில்லை. தீனியைத்தான் திருத்தினார்கள்.

நம் பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். இங்கே கட்டுத்தரை மாட்டுக்கு வருடத்தில் பல மாதம் வைக்கோல்தான் அடிப்படைத் தீனி. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கரும்பு வெட்டும் காலத்தில் தோகையை மட்டும் அள்ளிப் போடுகிறார்களே, அதிலும் ஆக்சலேட்டு உண்டு. நாட்டு மாடு மேய்ந்து திரிந்து, பத்து விதமான செடி கொடியைக் கடித்து, ஓரளவு ஈடு கட்டிக்கொள்ளும். ஜெர்சி கலப்பு மாட்டை முளையில் கட்டி, வேளைக்கு ஐந்து ஆறு லிட்டர் கறந்துவிட்டு, வைக்கோலை மட்டும் காட்டினால் அது எங்கே போகும்? பாலோடு சுண்ணாம்பும் பாஸ்பரஸும் தினமும் வெளியே போய்க்கொண்டே இருக்கின்றன. மூத்திரம் குடிப்பதும், வேர்வையில் ஊறிய துணியைச் சப்புவதும் பெரும்பாலும் உப்புக்கான தேட்டம். மண் தின்னும் கன்றுக்குக் குடலில் புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, ஒரு கைப்பிடி கல்லுப்பு, பாஸ்பரஸ் நிறைந்த தவிடு, கிடைக்கும்போது வேர்க்கடலைக் கொடி, காலாகாலத்தில் குடற்புழு மருந்து. சாணத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிடுவது இன்னும் நல்லது. ஏனென்றால் உண்ணியால் பரவும் ரத்த நோய்களிலும் மாடு மண்ணைத் தின்னும். அந்த நோய்களில் ஒன்றான தைலீரியோசிஸ் மேலே சொன்ன தைலரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

“ஒரு மாட்டைப் பார்த்து இன்னொன்று கெட்டுப்போகிறது” என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒரே கொட்டகை, ஒரே வைக்கோல் போர், ஒரே தொட்டித் தண்ணீர். ஒரு மாட்டுக்குக் குறைவது பக்கத்து மாட்டுக்கும் குறையத்தானே செய்யும்? ஒன்றை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கிக் கட்டினாலும் சில மாதத்தில் அதுவும் சுவரை நக்குகிறதென்றால், குற்றம் கொட்டகையில் இருக்கிறது.

பாலிதீன் பையைத் தின்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் புத்திகெட்ட வேலை என்று சொல்கிறவர்கள் மாட்டின் வாயைக் கவனித்ததில்லை. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் வளைத்து இழுத்து, அப்படியே விழுங்கி, பிறகு சாவகாசமாக அசை போடும். கல்யாணச் சாப்பாட்டின் மிச்சத்தைப் பையில் கட்டித் தெருவில் எறிந்தால், சோறு வேறு பை வேறு என்று பிரிக்க அதனால் முடியாது. கம்பியும் ஆணியும் இப்படித்தான் உள்ளே போய், இரண்டாம் வயிற்றிலிருந்து இதயப் பையையே குத்துகின்றன. புட்டபர்த்தியிலுள்ள கருணா சொசைட்டி அறுவை சிகிச்சை செய்து மாடுகளின் வயிற்றிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக்கை எடுத்தது. அதையொட்டி 2012-இல் வெளிவந்த ‘தி பிளாஸ்டிக் கவ்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் மாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நாக்கைச் சுழற்றும் மாட்டுக்கு வருவோம். வியாபாரி இதைக் காட்டியே விலையை இறக்குவார். மேயும் மாடு ஒரு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் நாக்கால் புல்லை வளைத்துப் பறிக்கிறது. கட்டிப்போட்ட மாட்டுக்கு வெட்டிய தீவனம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது; நாக்கின் தேவை தீர்வதில்லை. சுவீடனில் இங்ரிட் ரெட்போ என்ற ஆய்வாளர், குளிர்காலத்தில் கட்டுத்தரையில் நின்று நாக்கைச் சுழற்றிய பசுக்கள் மேய்ச்சலுக்குப் போனதும் அதை விட்டுவிடுவதைக் கண்டார். கோடையில் பால் மாடுகளை மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்பது அந்த நாட்டில் சட்டமாகவே இருக்கிறது. நம்மிடம் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் தீனியை இரண்டு வேளைக்குப் பதில் நான்கு வேளையாகப் பிரித்துப் போடலாம், நார்த்தீனியைக் கூட்டலாம், பொழுது சாய்ந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒரு மணி நேரம் உலவவிடலாம். பல வருடம் ஊறிப்போனது முழுதாகப் போகாமலும் இருக்கலாம். அதற்காக அடிப்பதில் பயனில்லை.

வாளியில் பால் குடித்து வளரும் கன்றுகள் ஒன்றன் காதை ஒன்று சப்புவதும் இதைப் போலத்தான். பாலின் ருசி நாக்கில் பட்டதும் சப்பும் ஆசை எழுந்து, பால் தீர்ந்த பிறகும் பத்து நிமிடம்போல நிற்கும். ரப்பர் காம்பில் குடிக்கவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் தனித்தனியாகக் கட்டி, முன்னால் பசும்புல்லைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது, “பாலை ஒளிக்கிறது, திமிர்” என்று சொல்லிக் கறவை மாட்டை அடிக்கும்போதுதான். 1941-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஏலி, பீட்டர்சன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாட்டின் முதுகில் பூனையை விட்டார்கள், பக்கத்தில் காகிதப் பையை ஊதி வெடித்தார்கள். மிரண்ட மாடு பால் சுரக்கவில்லை. மடியின் ஒரு பாதிக்கு நரம்பைத் துண்டித்துவிட்டும் பார்த்தார்கள். மாடு அமைதியாக இருந்தபோது இரண்டு பாதியும் சுரந்தன. ஆகவே சுரப்பை இறக்குவது மாட்டின் விருப்பமல்ல, ரத்தத்தில் ஓடிவரும் ஆக்சிடோசின். பயந்தால் அட்ரினலின் பாய்ந்து அதைத் தடுத்துவிடுகிறது. உதை விழுந்த மாடு மறுநாள் அந்த ஆளைக் கண்டதுமே மிரளும். பால் இன்னும் குறையும். இன்னொரு அடி விழும். புங்கனூர்க் குட்டை போன்ற நாட்டுப் பசுக்களுக்குக் கன்று முட்டினால்தான் மடி நன்றாக இறங்கும். அது அவற்றின் இயல்பு. ஆக்சிடோசின் வேலை செய்வதும் சில நிமிடங்களுக்குத்தான். எனவே மடியைக் கழுவித் துடைத்து, சுரப்பு இறங்கியதும் தாமதிக்காமல் கறந்து முடிக்க வேண்டும். இதற்குப் பதில் தினமும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறவர்கள், ஊசி இல்லாமல் சுரக்காத மாட்டைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். பால் கூட வேண்டும் என்று மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதை 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு குற்றமென்கிறது.

சுழி பார்ப்பவர்களிடம் ஒரு சிறு உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்துச் சுழி கண்களுக்கு மேலே இருக்கும் மாடுகள் கட்டிப் பிடிக்கும்போது அதிகம் மிரள்வதாகத் தெரிந்தது. மாட்டின் பதற்றத்துக்கும் சுழி அமைந்த இடத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பதோடு அது நிற்கிறது. குடும்பம் நொடிக்கும், எஜமானுக்கு ஆகாது, சுவரை நக்கும் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. சுழியைக் காரணம் காட்டி நல்ல கிடாரியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் குடும்பம் ஏமாந்துதான் போகிறது.

“காத்து கருப்பு பட்டிருக்கிறது” என்ற பேச்சில்தான் உயிராபத்து இருக்கிறது. நேற்றுவரை சாதுவாக இருந்த மாடு இன்று நடத்தை மாறினால் அது நோய். நன்றாகக் கறக்கும் மாடு கன்று போட்டு ஒன்றரை மாதத்துக்குள் தன் உடம்பையே விடாமல் நக்கி, தள்ளாடி, தீனியை வெறுத்தால் கீட்டோசிஸ் இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றால் மூளையில் கோளாறு. குரல் மாறிக் கத்திக்கொண்டே, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். அறிகுறி வந்த பிறகு மாட்டையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. அந்த மாட்டின் எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு (கண்ணுக்கும் வாய்க்கும் வெறும் தண்ணீர் போதும்), அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரிக்கக் கூட்டிப்போகும் முன் 1962-க்குப் போன் செய்யுங்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு அதே எண்தான். பேசும்போது, மாடு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, எப்போது கன்று போட்டது, நாய் ஏதும் கடித்ததா என்ற மூன்றையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.