பாவம் அந்த கார்புரேட்டர்!

பழைய கார்புரேட்டர் மாருதி 800 மேடு ஏறும்போது திணறி நின்னா, பல மெக்கானிக்குங்க உடனே சொல்றது, "கார்புரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்". என்னைக் கேட்டா, அது கடைசியா கை வைக்க வேண்டிய பொருள்.

பெட்ரோல் வர்ற வழியிலேயே தேடிட்டு வாங்க. நின்னதும் டேங்க் மூடியைத் திறங்க. 'புஸ்'னு காத்தை உள்ள இழுத்து, வண்டி மறுபடி ஓடுச்சா? டேங்க்குக்குள்ள காத்து போற வழி அடைச்சிருக்கு. அடுத்து ஃபில்டர். அதுல துரு தெரிஞ்சா டேங்க்கையே கழுவணும். அப்புறம் ரப்பர் ஹோஸ். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20% வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் விரிசல் விட்டா பம்ப் பெட்ரோலோட காத்தையும் இழுக்கும். ஒழுகினா தீ ஆபத்து வேற.

கடைசியா பம்ப். இன்ஜின் ஆறினப்புறம் காயில் ஒயரைக் கழட்டிட்டு, கார்புரேட்டருக்குப் போற ஹோஸை ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு ஸ்டார்ட்டரைச் சுத்துங்க (பக்கத்துல சிகரெட் கூடவே கூடாது!). விட்டு விட்டு பீச்சினா பம்ப் நல்லா இருக்கு.

இவ்வளவும் சரின்னாதான் கார்புரேட்டர். அதுலயும் முதல்ல ஜெட்டைச் சுத்தம் பண்ணிப் பாக்கணும். 800 உற்பத்தி 2014லயே நின்னுபோச்சு. நல்லா இருக்கிற ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுட்டு டூப்ளிகேட்டை மாட்டினா நஷ்டம் நமக்குத்தான்.

அதனால "மாத்திடலாம்"னு சொன்னா, "ஃபில்டர் பாத்தீங்களாண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.